தொழிலும் நாமும்: இரும்பைத் தீண்டாமல் அறியும் கருவி



ஒரு ரயில் வண்டி ஒரு நிலையத்தை விட்டுப் புறப்பட்டு அடுத்த நிலையத்தைச் சேர்ந்தது என்று சொல்வது எளிது. ஆனால் முழு வண்டியும் வந்து சேர்ந்ததா, அன்றி நடுவழியில் இணைப்பு அறுந்து இரண்டொரு பெட்டிகள் பின்தங்கிவிட்டனவா என்பதை அறிவது எங்ஙனம்? பின்தங்கியிருப்பின், அதே பாதையில் அடுத்த வண்டியை அனுப்புவது பேராபத்து அன்றோ? இதற்காகவே கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் 'எல்.வி.' என்ற எழுத்துக்கள் கொண்ட பலகை தொங்கவிடப்படுகிறது. இரவில் சிவப்பு விளக்கு எரிகிறது. நிலையத்தில் உள்ளவர் அதைக் கண்ணால் கண்ட பின்னரே, வண்டி முழுவதும் வந்தது என்று உறுதி கொள்வார்.

கண்ணின் வேலையை இன்று பல இடங்களில் தண்டவாளத்தின் அருகே பொருத்திய மின்சாரச் சுருள்கள் செய்கின்றன. 'ஆக்ஸில் கவுண்ட்டர்' எனப்படும் அச்சு எண்ணும் கருவி அது. தண்டவாளத்தின் ஒரு பக்கத்தில் உள்ள சுருள் காந்த அலையை அனுப்புகிறது. மறுபக்கத்துச் சுருள் அதைப் பெறுகிறது. இடையே இரும்புச் சக்கரம் வந்தவுடன், பெறும் அலை மாறுகிறது. கருவி ஓர் அச்சு என்று எண்ணிக்கொள்கிறது. ஆறு அச்சுகள் உள்ள என்ஜினும், நான்கு அச்சுகள் வீதம் 20 பெட்டிகளும் கொண்ட வண்டியில் 86 அச்சுகள் உண்டு. ஒரு முனையில் 86 உள்ளே சென்று, மறுமுனையில் 86 வெளியே வந்தால்தான் பாதை காலி. 82 மட்டும் வந்தால், ஒரு பெட்டி உள்ளே நிற்கிறது என்று பொருள். சுருள்கள் இரண்டு ஜோடிகளாக அமைந்திருப்பதால், எந்த ஜோடி முதலில் உணர்ந்தது என்பதைக் கொண்டு வண்டி சென்ற திசையும் விளங்குகிறது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சக்கரம் ஓர் அடி நீளத்தைக் கடக்க ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு விநாடியே ஆகும். அந்த இமைப்பொழுதில், தீண்டாமலே, தவறாமல் எண்ணுவது வியப்பல்லவா?

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எனக்குப் பெரிய என்ஜினீயரிங் படிப்பு இல்லை. எனினும், அச்சு எண்ணும் கருவியின் தம்பி முறையான ஒரு சிறு கருவியைப் பற்றி இப்பகுதியில் எழுதவேண்டுமென்று அன்பர் சிலர் கேட்டிருந்தனர். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் களமசேரியிலும் அம்பலமுகளிலும் அரூரிலும் கோவையிலும் யந்திரங்களோடு பழகுகின்றவர்கள். அவர்கள் 'ப்ராக்ஸி' என்று சுருக்கமாக வழங்கும் 'ப்ராக்ஸிமிட்டி சென்சார்'தான் அக்கருவி. அதைத் தேர்ந்தெடுப்பதிலும் உபயோகிப்பதிலும் கவனிக்கவேண்டியவற்றை, தொழில் அறிந்தோரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட வரையில் இங்கே தருகிறேன்.

பிறந்த கதை

முன்னாளில் யந்திரத்தின் ஒரு பாகம் உரிய இடத்திற்கு வந்துவிட்டதா என்று அறிய 'லிமிட் ஸ்விட்ச்' என்னும் விசையே உண்டு. பாகம் வந்து அதன் கையைத் தள்ளும். உள்ளே இரு உலோக முனைகள் சேரும், அல்லது பிரியும். தள்ளத் தள்ளக் கை தேயும், முனைகள் கரியும், அமிலக் காற்று பட்டால் துருவேறும். எரியும் ஆவி நிறைந்த ரசாயன ஆலையிலோ, முனைகள் பிரியும்போது எழும் சிறு தீப்பொறியே பெருந்தீக்குக் காரணமாகலாம்.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் 1945ஆம் ஆண்டு ரேடியோ பழுது பார்க்கும் கடையாகத் தொடங்கிய பெப்பர்ல்-ஃபுக்ஸ் நிறுவனத்தார், பி.ஏ.எஸ்.எஃப். என்ற ரசாயன ஆலையின் தேவைக்காக 1958ஆம் ஆண்டு, தொடுமுனையே இல்லாத ஒரு விசையை உருவாக்கினர். அதுவே இவ்வினக் கருவிகளின் முன்னோடி. நம் திருப்பூணித்துறைக்கு அருகே, 1966 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நடக்கும் அம்பலமுகள் போன்ற இடங்களை நினைத்துப் பார்த்தால், தீப்பொறி எழாத விசையின் அருமை விளங்கும்.

வேலை செய்யும் விதம்

கருவியின் முகத்திற்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திசை மாறும் மின்சாரத்தை ஓர் அலையியற்றி ஓட்டுகிறது. அதனால் முகத்தின் முன்னே ஒரு சிறு காந்த மண்டலம் உண்டாகிறது. அதற்குள் உலோகத்துண்டு நுழைந்தால், அவ்வுலோகத்தில் நீர்ச்சுழி போன்ற சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றுக்கு வேண்டிய சக்தி சுருளிலிருந்தே செல்லவேண்டியிருப்பதால் அலை தளர்கிறது. அத்தளர்ச்சியைக் கண்டு உள்ளிருக்கும் மின் அமைப்பு 'உலோகம் வந்தது' என்று அறிவிக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, மரம், அட்டை, பிளாஸ்டிக், கொப்பரை, தண்ணீர் முதலியவற்றை இக்கருவி அறியாது. மற்றொன்று, மனிதனுடைய கையையும் அது அறியாது. இரண்டாவதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லுவேன்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் பார்க்கவேண்டியது தூரம். திருகு மரை உள்ள உருளை வடிவில், எம் 8, எம் 12, எம் 18, எம் 30 என்று குறுக்களவைக் கொண்டு இவற்றை அழைப்பர். முகம் வரை இரும்பில் புதைத்துப் பொருத்தத்தக்க வகையில், எம் 12க்கு 2 மி.மீ., எம் 18க்கு 5 மி.மீ., எம் 30க்கு 10 மி.மீ. என்பது வழக்கமான அறியும் தூரம். தலையை வெளியே நீட்டிப் பொருத்தவேண்டிய வகையில், முறையே 4, 8, 15 மி.மீ. இதனினும் அதிக தூரம் அறியும் வகைகளும் இன்று கிடைக்கின்றன. தலை நீட்டிய வகையை வாங்கி இரும்பினுள் புதைத்துவிட்டால், சுற்றியுள்ள இரும்பையே அது கண்டுகொண்டு, 'உலோகம் வந்தது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அதன் தலையைச் சுற்றிக் குறுக்களவைப்போல் மூன்று பங்கு இடம் வெறுமையாக இருத்தல் நலம்.

பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே நம்புதல் கூடாது. உற்பத்தி வேறுபாட்டுக்குப் பத்தில் ஒன்றும், வெப்பம், மின் அழுத்தம் ஆகியவற்றின் மாறுதலுக்குப் பத்தில் ஒன்றும் தள்ளினால், நிச்சயமாக நம்பத்தக்க தூரம் நூற்றுக்கு 81 பங்கே.

அடுத்தது உலோகத்தின் இனம். பட்டியலிலுள்ள தூரம், 1 மி.மீ. கனமுள்ள சாதாரண எஃகுத் தகட்டைக் கொண்டு அளந்தது. அந்தத் தகடும் கருவியின் குறுக்களவு, அல்லது அறியும் தூரத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது பெரிதோ அதைப் பக்கமாகக் கொண்ட சதுரம். அதனினும் சிறிய பொருளாயின் தூரம் குறையும். எஃகுக்கு 1 என்று கொண்டால், எவர்சில்வருக்குச் சுமார் 0.7, பித்தளைக்கு 0.5, அலுமினியத்திற்கு 0.4, செம்புக்கு 0.3 என்று கணக்கிடுவது வழக்கம். செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்துமே, அதற்கு ஏன் குறைவு என்று கேட்கலாம். நன்றாகக் கடத்துவதே காரணம். சுழல் மின்னோட்டம் அதில் தடையின்றி ஓடுவதால் சக்தி அதிகம் செலவாவதில்லை. சுருளும் அவ்வளவாகத் தளர்வதில்லை. மருந்துப் பாட்டிலின் வாயை மூடும் மெல்லிய அலுமினியத் தாளோ, கனத்த அலுமினியத்தைக் காட்டிலும் அதிக தூரத்தில் அகப்படும். மெலிந்தவிடத்து மின்தடை மிகுவதே அதற்குக் காரணம். எல்லா உலோகத்தையும் ஒரே தூரத்தில் அறியும் உயர்ந்த வகையும் உண்டு, விலை அதிகம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கன்வேயர் பட்டையின்மேல் கனத்த அலுமினியத் துண்டுகள் வருகின்றன. பட்டையின் ஆட்டத்தால், கருவிக்கும் துண்டுக்கும் 2 மி.மீ. இடைவெளியாவது விட்டாகவேண்டும். புதைக்கும் வகை எம் 18ஐ எடுத்தால், 5ஐ 0.81ஆல் பெருக்க ஏறத்தாழ 4; அதை 0.4ஆல் பெருக்க 1.6 மி.மீ. ஆகவே, சில துண்டுகளை அறியும், சிலவற்றை விட்டுவிடும். எம் 30ஐ எடுத்தால், 8.1ஐ 0.4ஆல் பெருக்க 3.2 மி.மீ. இது போதும். கடையில் எதிர்ப்பட்டதை வாங்கி மாட்டிவிட்டுப் பின்பு கருவியைப் பழிப்போர், இந்த ஐந்து நிமிஷக் கணக்கைப் போடாதவர்களே.

மூன்றாவது வேகம். 6 போல்ட்டுகள் உள்ள தட்டு நிமிஷத்துக்கு 1500 சுற்று சுழன்றால், விநாடிக்கு 150 தடவை உலோகம் வந்து போகிறது. நேர்மின்சாரத்தில் இயங்கும் வகைகளில் பல இதற்கு ஈடுகொடுக்கும்; மாறுமின்சாரத்தில் இயங்கும் இருகம்பி வகையோ, விநாடிக்கு 25 தடவைக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. கருவி தாங்கினாலும், அதன் செய்தியைப் பெறும் பி.எல்.சி. மெதுவாகப் படித்தால் எண்ணிக்கை தவறும். ஆகவே இரண்டையும் பார்க்கவேண்டும்.

நான்காவது கம்பிகள். மூன்று கம்பி உள்ள நேர்மின்சார வகையில் பழுப்பு நேர்முனை, நீலம் எதிர்முனை, கறுப்பு செய்தி. பி.என்.பி. வகை செய்தியாக நேர்முனையைத் தரும், என்.பி.என். வகை எதிர்முனையைத் தரும். எதிரிலுள்ள பி.எல்.சி. எதை எதிர்பார்க்கிறதோ அதையே வாங்கவேண்டும். மாறினால் இரண்டும் நல்லனவாயிருந்தும் வேலை நடவாது. எரியும் ஆவி உள்ள இடங்களுக்கு 8.2 வோல்ட்டில் இயங்கும் தனி வகை உண்டு. மிகச் சிறு மின்சாரமே அங்கே செல்லும்படி, தடுப்புக் கருவி வழியாக அதை இணைப்பர். அந்த இடத்தில் சாதாரண வகையைப் பொருத்துவது குற்றமாகும்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் முக்கியமானது: கம்பி அறுந்தால் என்ன ஆகும்? யந்திரம் ஓடலாம் என்னும் அனுமதி, மின்சாரம் வரும்போது மட்டும் கிடைக்கும்படி அமைக்கவேண்டும். மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி, உலோகம் இருக்கும்போது மின்சாரம் தரட்டும். பாகம் எல்லை கடந்துவிட்டதா என்று பார்க்கும் கருவியோ, உலோகம் இல்லாதபோது மின்சாரம் தரட்டும். அப்படியானால் எலி கடித்தாலும், கம்பி கழன்றாலும் யந்திரம் நின்றுவிடும், ஓடாது. ரயில்வேயின் அச்சு எண்ணும் கருவியிலும் இக்கொள்கையே ஆள்கிறது. கணக்கு ஒத்துவராவிடில், பாதை காலி என்று அது சொல்லவே சொல்லாது. உரியவர்கள் விதிப்படி சரிபார்த்துத் திருத்தும் வரையில் வண்டி உள்ளதாகவே காட்டும். அதனால் தாமதம் நேரலாம். தாமதம் உயிரை வாங்காது.

உபயோகிக்கும் முறை

நம் கொச்சியின் உப்புக் காற்றிலும் இடவப்பாதி மழையிலும், கருவியைவிடக் கம்பி நுழையும் வாயே முதலில் கெடும். தூசியும் நீரும் புகாத ஐ.பி. 67 தரம் வாங்கி, கம்பியை மேலிருந்து நேரே இறக்காமல், கீழே ஒரு வளைவு விட்டு இணைத்தால் நீர் வழிந்துவிடும். இரண்டு கருவிகளை அருகருகே நெருக்கி வைத்தால் ஒன்றன் மண்டலம் மற்றதைக் குழப்பும். மோட்டார்க் கம்பிகளோடு சேர்த்து ஒரே குழாயில் இதன் கம்பியைக் கொண்டுசெல்லலாகாது. உலோகம் நேரே வந்து முகத்தில் முட்டும்படி வைக்காமல், பக்கவாட்டில் கடந்து செல்லும்படி வைத்தால் கருவி நெடுநாள் உழைக்கும். முகத்தின்மேல் உலோகத் துருவல் படிந்தால், பொருள் இல்லாமலே 'வந்தது' என்று சொல்லும். ஆகவே வாரம் ஒரு முறையாவது துடைத்து, தகட்டுத்துண்டை முன்னே காட்டியும் நீக்கியும் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்று. மீன் பதனிடும் சாலைகளில் வேலை செய்யும் நம் சகோதரிகள், அங்கே பெட்டிகள் நுழைந்து செல்லும் 'மெட்டல் டிடெக்டர்' வளைவைப் பார்த்திருப்பார்கள். அதுவும் சுருளைக் கொண்டே இயங்குவது. ஆனால் நடுவில் அனுப்பும் சுருள் ஒன்றும், இருபுறமும் சமநிலையில் நிற்கும் பெறும் சுருள்கள் இரண்டும் உள்ள அது, மீனுக்குள் மறைந்த சிறு ஊசிமுனையைக்கூடக் காண்பதற்கென அமைந்தது. அந்த வேலைக்கு ப்ராக்ஸி உதவாது. இந்த வேலைக்கு அது வேண்டியதில்லை.

ஒரு கடிதமும் விடையும்

நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாயார் எழுதிய கடிதம் என் முன்னே இருக்கிறது. அவருடைய மகன் ஒரு சிறு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் வேலை செய்கிறான். முன்பு இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால்தான் பிரஸ் இறங்குமாம். இப்போது வேலை விரைவாக நடக்கவேண்டுமென்று, தகடு வந்ததைத் தானே அறியும் ஒரு ப்ராக்ஸியைப் பொருத்தி, பொத்தான்களை எடுத்துவிட்டார்களாம். 'கருவி பார்த்துக்கொள்ளும், பயம் இல்லை என்கிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. நான் என்ன சொல்லட்டும்?' என்று கேட்கிறார்.

அம்மையார் மனம் ஒப்பாதது முற்றும் சரியே. அந்தக் கருவி தகட்டை அறியும், கையை அறியாது. தகடு வந்த பின்னும், அதைச் சரிசெய்யக் கை உள்ளே இருக்கலாம். அப்போது பிரஸ் இறங்கினால், கருவி தன் கடமையைச் சரியாகவே செய்தது என்றுதான் சொல்லவேண்டும்! அதனினும் கொடிது ஒன்று உண்டு. பையன் விரலில் மோதிரமோ கையில் காப்போ அணிந்திருந்து, அது கருவியின் முகத்தருகே சென்றால், தகடு வந்ததென்று எண்ணி அது பிரஸ்ஸை இறக்கிவிடலாம். முகத்தில் துருவல் படிந்திருந்தாலும் அப்படியே. பொருளை அறியும் கருவி ஒன்று. ஆளைக் காக்கும் ஏற்பாடு வேறு. முன்னது பின்னதற்கு ஈடாகாது.

ஆளைக் காப்பதற்கு, கை நுழைய முடியாத கம்பிக்கூடு, இரு கைப் பொத்தான், இடையில் கை வந்தால் நிறுத்தும் ஒளித்திரை என்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. தகட்டை அறியும் ப்ராக்ஸி இவற்றோடு கூட இருக்கலாம். இவற்றின் இடத்தில் இருக்கக் கூடாது. யந்திரத்தின் அபாயமான பாகங்களுக்கு வேலியிடுவது முதலாளியின் கடமை என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதற்கொண்டே நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய கொள்கை. ஆகவே, மகன் முதலாளியிடம் பணிவாக, ஆனால் தெளிவாகக் கேட்கட்டும்: 'பொத்தான்களைத் திரும்பப் பொருத்துங்கள், அதுவரையில் நான் வேறு வேலை பார்க்கிறேன்.' ஊரை விட்டு வந்த நமக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம் என்றும் உண்டு. நான் அதை அறியாதவன் அல்லேன். ஆனால் வேலை போனால் இன்னொன்று தேடலாம். விரல் போனால் தேடுவதற்கு இடமில்லை. மகன் தனியே கேட்க அஞ்சினால், சங்கத்தின் பெரியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லட்டும். சங்கம் என்று ஒன்று எதற்காக இருக்கிறது?

கருவி மெய் சொன்னாலும்

கருவி நல்லதாயிருந்து, தேர்வும் சரியாயிருந்து, கம்பி இணைப்பில் தவறு நேர்ந்தால் என்ன விளையும் என்பதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்திலுள்ள பஹநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நேர்பாதைக்கு உரிய பச்சை விளக்கைப் பெற்றும், பக்கப்பாதைக்குள் திரும்பி அங்கே நின்ற சரக்கு வண்டியின்மீது மோதிற்று. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில், சமிக்ஞை மின்சுற்றை மாற்றி அமைத்ததிலும், லெவல் கிராஸிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்று கண்டனர். பாதை பக்கவாட்டில் திரும்பியிருக்க, மின்சுற்றோ நேரே இருப்பதாகச் செய்தி தந்தது. அது ப்ராக்ஸியின் பிழை அன்று. எனினும் பாடம் ஒன்றுதான்: வேலை முடிந்த பின்னர், பலகையில் எரியும் விளக்கைப் பார்த்து மட்டும் திருப்தி கொள்ளாமல், இடத்திற்கே சென்று, கருவியின் முன்னே உலோகத்தை வைத்தும் எடுத்தும், உரிய விளக்குத்தான் மாறுகிறதா என்று ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தாலன்றி வேலை முடிந்ததாகாது. கம்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு இடுவதும், செய்த மாறுதலைப் படத்தில் குறிப்பதும், அடுத்து வருபவனுக்கு நாம் செய்யும் தருமம்.

இளைஞர்களே! விரல் பருமனுள்ள இக்கருவியைச் சிறிதென்று எண்ணவேண்டாம். அது என்ன அறியும் என்பதைத் தெரிந்துகொள்பவன் நல்ல தொழிலாளி. அது எதை அறியாது என்பதையும் தெரிந்துகொள்பவனே, தன் கையையும் பிறர் கையையும் காக்க வல்லவன்.

உலோகமல்லாத பொருள்களை ஒளியைக் கொண்டு அறியும் கருவிகளைப் பற்றி அடுத்த இதழில் எழுத எண்ணியுள்ளேன். ஐயம் உடையோர் சங்கக் காரியாலயத்திற்கு எழுதலாம்.